ரிச்சி தெருவில் விஆர் ஹெட்செட் வாங்கப் போகிறவர்களுக்கு

"சீல் பிரித்தால் எடுத்தே ஆக வேண்டும் சார்" என்றார் கடைக்காரர். விஆர் ஹெட்செட் என்பது கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டு, சுற்றிலும் விரியும் படத்துக்குள்ளேயே இருப்பது போலப் பார்க்கும் கருவி. நாற்பதாயிரத்துக்கு மேல் விலை சொல்லும் அதை முகத்தில் மாட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. வாரண்டி கேட்டால் "கடை வாரண்டி", பில் கேட்டால் விலை ஏறுகிறது. திரும்பி நடந்துவிட்டேன்.

சில கடைகள் தள்ளி, திறந்த பெட்டி ஒன்றை மாட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அங்கே போவதற்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து கொண்டேன், காசு வாங்கவில்லை. எனக்கு 60 மில்லிமீட்டர். ஹெட்செட்டின் இரண்டு லென்ஸுக்கும் இடையிலான தூரம் இதோடு பொருந்தினால்தான் படம் தெளிவாகத் தெரியும். மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டுகளில், 2024-இல் வந்த குவெஸ்ட் 3எஸ்-இல் அந்தத் தூரம் 58, 63, 68 என்று மூன்று அளவுகளில்தான் நிற்கும். 2023-இன் குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி நம் அளவுக்கே வைக்கலாம், லென்ஸும் மேலானது. இரண்டிலும் ஒரே சிப்தான். படிக்க, படம் பார்க்க என்றால் 3. விளையாட மட்டும் என்றால் 3எஸ் போதும்.

இரண்டாயிரத்துக்குள் வாங்க நினைப்பவர்கள் போனைச் செருகும் பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன், போனில் கைரோஸ்கோப் (போன் திரும்புவதை உணரும் சென்சார்) இருக்கிறதா என்று பாருங்கள். என் மைத்துனரின் போனில் இல்லை. தலையைத் திருப்பினாலும் படம் அசையவில்லை. இருந்தாலும்கூடத் தலை திரும்புவதைத்தான் அது உணரும், நாம் நடப்பதை அல்ல.

சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்கான ஹெட்செட்டான பிளேஸ்டேஷன் விஆர்2-ஐ "எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்" என்று இன்னொரு கடையில் அடித்துச் சொன்னார்கள். நம்பாதீர்கள். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்புத் துளை வேண்டும், டிவிக்கு மாட்டும் எச்டிஎம்ஐ உதவாது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் அடாப்டர் பெட்டியில் வராது.

கடைசியில் 3 வாங்கினேன், பில்லோடு. கையிருப்பை அதிலேயே தீர்த்துவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தது நல்லதாயிற்று. உடன் வரும் துணிப்பட்டையில் எடை முழுவதும் கன்னத்தில் இறங்குகிறது. பின்பக்கம் பேட்டரி உள்ள பட்டை மாட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார முடிந்தது, சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கிறது. சென்னைப் புழுக்கத்தில் முகத்தில் படும் பகுதி வேர்வையில் ஊறிவிடும். துடைத்துப் போடச் சிலிகான் உறை வாங்குங்கள். அந்த உறைக்கு முதல் கடைக்காரர் சொன்ன விலையில் பாதிதான் பக்கத்துக் கடையில். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்களுக்கு ரீசார்ஜ் செல் இரண்டு வாங்குங்கள். ஹெட்செட்டை வெயில் விழும் ஜன்னலோரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், லென்ஸ் வழியே வெயில் குவிந்து உள்ளிருக்கும் திரை பொசுங்கிவிடும்.