ஓநாய் யார் என்பதா கதை?

ஜூலை 12, சனி. காங்கயம்

அக்காள் மகள் கோவை விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். வந்தால் ஒரு படம் பார்த்தே ஆக வேண்டும். இம்முறை 'ரெட் ரைடிங் ஹுட்', 2011இல் வந்தது. சிவப்பு முக்காட்டுச் சிறுமி, பாட்டி, ஓநாய் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்த கதைதான். அதைப் பெரியவர்களுக்கான இருண்ட கதையாக மாற்றியிருக்கிறார்களாம். இயக்கியவர் கேதரின் ஹார்ட்விக். 2008இல் 'ட்வைலைட்' என்ற இரத்தக்காட்டேரிக் காதல் படத்தை எடுத்தவர் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகம் வீண் போகவில்லை. ஒரு பெண், அவளுக்காக ஏங்கும் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மரம் வெட்டுகிறவன், மற்றவன் வசதியான கொல்லர் வீட்டுப் பிள்ளை. பனி மூடிய மலைக் கிராமத்தில் விறகு சுமப்பவரின் உடைகூட அன்று காலைதான் சலவைக்காரர் கொண்டுவந்து கொடுத்தது போலிருக்கிறது. இரத்த நிலாக் காலத்தில் ஓநாய் கடித்தால் கடிபட்டவரும் ஓநாயாகிவிடுவார். அந்த ஓநாய் ஊருக்குள்ளேயே மனித உருவில் உலவுகிறது. இதைச் சொன்ன கணத்தில் பழைய கதை செத்துப்போய்த் துப்பறியும் கதை தொடங்கிவிடுகிறது. அதன்பிறகு கேமராவுக்கு வேறு வேலையே இல்லை. ஒவ்வொரு முகமாக நின்று நின்று சந்தேகப்படுகிறது.

ஓநாய் வேட்டைக்கு வரும் பாதிரியாராக கேரி ஓல்ட்மேன். தான் வெட்டிய ஓநாயின் முன்னங்கால் மறுநாள் ஒரு பெண்ணின் கையாக மாறியிருந்தது, அது தன் மனைவியின் கை என்று அவர் சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பித்தளை யானைச் சிலையின் வயிற்றுக்குள் ஒரு பையனை அடைத்துக் கீழே தீ மூட்டுகிறார். மறுபடி சாய்ந்துகொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இந்த நாளைத் தாண்டிவிடலாம்.

ஓநாய் நாயகியின் அப்பா. அந்த வேடத்தில் பில்லி பர்க். 'ட்வைலைட்'டிலும் நாயகிக்கு அப்பா அவர்தான். எனவே எனக்கு முதலில் அவர் மேல் சந்தேகமே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் அவர் நின்று நிதானமாக விளக்குகிறார்: ஊரைவிட்டுப் போக நினைத்தது, மூத்த மகளுக்கு ஓநாயின் பேச்சு புரியாமல் போனது, அதனால் அவள் தனக்குப் பிறந்தவள் அல்ல என்று தெரிந்தது, அந்த ஆத்திரத்தில் அவளைக் கொன்றது. கணக்கெழுதும் எனக்கே இவ்வளவு விவரம் தேவைப்படவில்லை.

ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். பாதிரியாரின் துண்டான கை, அதில் பதித்த வெள்ளி நகங்கள். அந்தக் கையை எடுத்து, பெற்ற அப்பனை மகள் குத்திக் கொல்கிறாள். இதைவிட இருண்ட காட்சி வேறென்ன வேண்டும்? படம் அதில் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பிணத்தின் வயிற்றில் கல்லை நிரப்பி ஏரியில் தள்ளிவிட்டு, கடிபட்ட காதலன் பிரிந்துபோவதற்குக் கண்ணீர் விடப் போய்விடுகிறது. கையில் கிடைத்ததை என்னவென்றே தெரியாமல் கீழே போட்டுவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுவுமே பிடிக்கவில்லைங்களா மாமா?" என்றாள். வெண்பனியில் அந்தச் சிவப்பு அங்கி போகும் அழகு பிடித்தது என்றேன். பாட்டியாக வரும் ஜூலி கிறிஸ்டியும்தான். "அது போதாதுங்களா?" என்றாள். போதாது கண்ணு.

ஜூலை 15, செவ்வாய்

எண்ணெய் ஆலையில் மின்சாரம் இல்லாத மதியம். பழைய வடிவங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1697இல் அச்சான, சார்ல் பெரோ என்ற எழுத்தாளரின் பிரெஞ்சுக் கதையில் யாரும் காப்பாற்ற வருவதில்லை. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு சிறுமியைத் தின்கிறது, அவ்வளவுதான். 1812இல் ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள்தான் வேட்டைக்காரரை அழைத்துவந்து, ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் அறுத்து, கல்லை நிரப்பினார்கள். படத்தின் ஏரிக்கல் அங்கிருந்து எடுத்ததே.

இவற்றுக்கெல்லாம் மூத்த மாதிரி இருக்கிறது ஒரு வாய்மொழிக் கதை. 1885 வாக்கில் பிரான்சின் நிவெர்னே பகுதியில் சொல்லப்பட்டது, நாட்டார் கதை ஆய்வாளர் பால் டெலாரூ பின்னாளில் பதிப்பித்தார். அதில் சிவப்பு முக்காடே கிடையாது. வருவது ஓநாய்-மனிதன். குண்டூசிப் பாதையா, தையல் ஊசிப் பாதையா என்று கேட்டு ஒரு வழியில் அவளை அனுப்பிவிட்டு, மறுவழியில் முந்திப் போகிறது. பாட்டியைக் கொன்று, கறியைப் பெட்டியிலும் இரத்தத்தைப் புட்டியிலும் வைக்கிறது. பசித்து வந்தவள் தெரியாமல் தின்கிறாள், குடிக்கிறாள். தன் பாட்டியைத் தின்கிறாளே என்று பூனை ஏசுகிறது. பிறகு ஒவ்வொரு உடையாகக் கழற்றி, எங்கே வைக்க என்கிறாள். "நெருப்பில் போடு, இனி உனக்குத் தேவைப்படாது." கடைசியில் அவசரமாக வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. முற்றத்துப் பிளம் மரத்தில் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடிப்போகிறாள்.

ஓநாய் யார், எந்த ஊர், ஏன் அப்படி ஆனான் என்று ஒரு சொல் இல்லை. சிறுமி தான் தின்றதைப் பிறகு அறிந்தாளா என்றும் இல்லை.

ஜூலை 19, சனி

ஆடிக்காற்று ஓட்டைப் பிய்க்கிறது. அம்மாவுக்கு அந்த ஊசிப் பாதைக் கதையைச் சொன்னேன். கறி தின்ற இடத்தில் முகத்தைச் சுளித்தாள், நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "அந்தப் பூனை என்னவாயிற்று?" என்றுதான் கேட்டாள்.

அவள் கேட்டு வளர்ந்தது அண்ணன்மார் கதை, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய கொங்கு நாட்டுக் கதைப்பாடல். இந்தக் காங்கயம் பக்கத்தில்தான் 1965இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் அதை ஒலிப்பதிவு செய்தார். உடுக்கடிப்பவர் இரவு இரவாகப் பாடுவார். கொம்பன் பன்றியைக் கொன்ற சங்கர் செத்துக் கிடக்கிறான். அதைப் பார்த்துப் பொன்னரும் உயிரை விடுகிறார். தங்கை தங்காள் அவர்கள் மாண்டு கிடக்கும் படுகளத்துக்கு வந்து எழுப்புகிறாள், எழுந்தும் அவர்கள் தங்குவதில்லை. இதையெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். படுகளத்தில் ஆட்கள் நிஜமாகவே விழுந்து கிடப்பார்கள். விளக்கம் கேட்டவர் யாரும் உண்டா என்றால் அம்மா சிரிக்கிறாள்.

அக்காள் மகள் அடுத்த படத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். சூனியக்காரிகளைத் துப்பாக்கியோடு வேட்டையாடும் ஹான்சலும் கிரெட்டலுமாம், 2013இல் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். முறுக்குச் செலவு அவளுடையது.