விளக்கு வைப்பவர் கையொப்பம்

எங்கள் சமய பாட ஆசிரியர் பதிகம் மாஸ்டர் சிவபதமடைந்த செய்தி கடந்த சித்திரையில் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிட்ட கல்வெட்டை, அதாவது நினைவு நூலை, ஊரிலிருக்கும் வகுப்பு நண்பர் ஒருவர் கைபேசியில் அனுப்பிவைத்தார். அதில் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. எஞ்சிய பக்கங்கள் அனைத்தும் பதிகங்களே. எந்தெந்தப் பதிகம், எந்த ஒழுங்கில் அச்சாக வேண்டும் என்று அவரே எழுதி வைத்துவிட்டுப் போனாராம். அவரிடம் படித்த எவரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். பழைய மாணவர் சங்கத்தின் இம்மலருக்கு எங்கள் காலத்துக் கிரிக்கெட் அணியைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். மலர்க்குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

வெள்ளிக்கிழமை முதற்பாடவேளை, மண்டபம், வரிசை வரிசையாக வரும் திருநீற்றுத் தட்டு, பிரார்த்தனையை முடித்துவைக்கும் ‘வான்முகில்’ வாழ்த்து தொடங்கிய உடனேயே செருப்பைத் தேடத் தொடங்கும் பின்வரிசைக் கால்கள் ஆகியவற்றை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் மாஸ்டரின் விடுமுறைக் கொப்பியை அவருடைய வகுப்புகளில் இருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள். இரண்டாம் தவணையின் கடைசி நாளன்று நாற்பது தாள் கொப்பி ஒன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, நாள், பாடிய தேவாரம், தந்தையார் கையொப்பம் என்று மூன்று நிரல்கள் போட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறை முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமையில் அது மேசைக்கு வந்துவிட வேண்டும். கணக்குப் பாடத்துக்குக்கூட எவரும் விடுமுறையில் வேலை தராத காலத்தில், சமய பாட ஆசிரியர் ஒருவர் இப்படி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதை நாங்கள் பெரும் அநியாயமாகவே கருதினோம்.

அந்த ஆவணி விடுமுறை எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சோளகக் காற்று ஓயாமல் வீசும். விடியற்புறத்தில் ‘தொப்’பென்று விழும் பனம்பழத்தை அடுத்த வளவுக்காரன் முந்திக்கொள்வதற்குள் பொறுக்க வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்தேவிப் புகையிரதத்தில் மாமன் மச்சான் எல்லோரும் வந்திறங்குவார்கள். கீரிமலைக் குளிப்பு, கலியாண வீடுகள், தோட்டத்துக்கு இறைப்பு என்று நாள் போவதே தெரியாது. போதாததற்கு நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியும் ஏறியிருக்கும். ஆடி அமாவாசையை அடுத்து வரும் சஷ்டியில் கொடி ஏறினால் இருபத்துநாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அந்த 25 நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. கோவிலுக்குப் போவதை நாங்கள் எவரும் பாரமாக எண்ணியதில்லை. கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வாகனமும் இருக்கும் வீதிக்குப் போக எந்தப் பொடியனுக்கும் கையொப்பம் தேவைப்படவில்லை. மாஸ்டர் கணக்குக் கேட்டது அந்தப் பக்தியை அன்று. திருவிழாவுக்குப் போய்வந்த களைப்பில் வீட்டுச் சாமியறை இருட்டாகக் கிடந்ததா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. “தவணை நாளிலே உங்களைக் கும்பிட வைக்க நான் இருக்கிறேன். விடுமுறையிலே ஆர் இருக்கினம்?” என்பார்.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பென்று நாங்கள் நினைத்திருந்தோம். பிற்காலத்தில் யோசித்தபோதுதான் அதன் வேர் ஆறுமுக நாவலரிடம் இருப்பது புலப்பட்டது. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, சமயத்தையும் நேரசூசி போட்டுப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் மிசனரிமாரின் முறையை உள்ளிருந்து கண்டவர் நாவலர். 1847இன் கடைசி நாளில் வண்ணை வைத்தீசுவரன் கோவிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடமும் சைவ வினாவிடையும் அச்சிட்டுக் கொடுத்து, சைவத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் ஒரு பாடமாக்கினார். அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு: பாடசாலை பூட்டினால் பாடமும் பூட்டிவிடும். அந்த ஓட்டையை நாற்பது தாள் கொப்பியால் அடைக்கப் பார்த்தவர் எங்கள் மாஸ்டர் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றாததற்குத் தக்க காரணம் இருந்தது.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்த ஆவணி விடுமுறைக்குக் கோளறு பதிகம் தரப்பட்டிருந்தது. எங்கள் ஐயா தென்பகுதியில் அரசாங்க உத்தியோகம். அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் நான் பாடி முடித்தபின் அம்மாதான் ஒப்பமிட்டார். தோட்ட வேலைக்காக மூன்றாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர் அவர். தன் பெயரை எழுத்துக் கூட்டி, பேனாவை அழுத்திப் பிடித்து, கோட்டுக்கு மேலும் கீழுமாக எழுதுவார். ஒரு ஒப்பத்தைப்போல் மற்றொன்று இராது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மாஸ்டர் என் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

“இது ஆருடைய கையொப்பம், தம்பி?”

“அம்மாவின்ரை, சேர்.”

“தந்தையார் கையொப்பம் என்று போட்டிருக்கிறது. அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. பாலர் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறதே. நீர் தானே எழுதினது?”

மண்டபம் சிரித்தது. நான் இல்லை என்றேன். எழுதத் தெரிந்த ஒரு தாயின் எழுத்து இப்படி இருக்குமா என்று அவர் கேட்டதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அதற்கு மறுமொழி சொல்வதென்றால் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்பதை முழு மண்டபத்துக்கும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ‘வான்முகில்’ முடியும்வரை நின்றேன். இத்தனை வயதாகியும் அந்த வரிகளை எங்கே கேட்டாலும் காது சுடுவது நிற்கவில்லை.

மறுநாள் மாலை மாஸ்டரின் சைக்கிள் எங்கள் படலையில் வந்து நின்றது. அம்மா அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டு, பினாட்டுக்குப் பிழிய வைத்திருந்த பனங்களியின் முன் குந்தியிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை மஞ்சள். வெளியே ஆள் நிற்பது அவருக்குத் தெரியாது. பழத்தைப் பிசைந்து பிசைந்து தும்பை ஒதுக்கியபடியே, ‘வேயுறு தோளிபங்கன்’ தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை பதினொன்றையும் ஒரு சொல் வழுவாமல் பாடி முடித்தார். ஊர்க் கோவிலில் புராண படனம் நடந்த காலத்தில் தன் தகப்பனாருடன் போய் உட்கார்ந்து காதால் கேட்டுப் படித்தவை அவை. எனக்கு அந்தப் பதிகத்தைச் சொல்லித் தந்தவரும் அவரே. திண்ணையில் இருந்த நான் படலையைப் பார்த்தேன். மாஸ்டர் இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே வரவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கொப்பிகள் திரும்பி வந்தன. என்னுடையதில் மட்டுமல்ல, வகுப்பிலிருந்த அத்தனை கொப்பியிலும் ‘தந்தையார்’ என்ற சொல் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, மேலே ‘விளக்கு வைப்பவர்’ என்று எழுதப்பட்டிருந்தது. மண்டபத்தில் கேட்டதை மண்டபத்தில் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. கொப்பியில் திருத்தினார். அது போதுமா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். போதாது என்பதே இன்றும் என் எண்ணம். ஆயினும் தன் பிழையை ஓர் ஒழுங்குவிதியாக மாற்றிவிட்டுப் போன வேறோர் ஆசிரியரை நான் கண்டதில்லை.

1984இல் இலண்டனுக்கு வந்தேன். பிள்ளைகள் பிறந்து பேசத் தொடங்கிய பிறகு அந்தக் கொப்பியின் நினைவு வந்தது. எங்கள் ஊரில் பொழுதுபடுவது ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான். விளக்கு வைக்கும் நேரம் எது என்று எவரும் கேட்பதில்லை. இங்கே மார்கழியில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே இருண்டுவிடும். அப்போது வீட்டில் எவரும் இருப்பதில்லை. ஆனி மாதத்திலோ ஒன்பது மணி தாண்டியும் வெயில். பொழுதுபட்டபின் விளக்கு என்று காத்திருந்தால் பிள்ளைகள் ஒன்றில் பூங்காவில் நிற்பார்கள், இல்லாவிட்டால் உறங்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் ஒருவாறு நடந்த வழிபாடு, ஆடி பிறந்து பாடசாலைகள் ஆறு கிழமைக்குப் பூட்டியதும் வீட்டைவிட்டே போய்விடும். நீச்சல், பந்தடி, சனிக்கிழமை தோறும் கலியாணம், கனடாவிலிருந்து வரும் விருந்தினர் என்று நாள்கள் நிரம்பி வழிந்தன. நேரம் இல்லாமையால் அது நின்றதென்று சொல்வது பொய். கோடையில் நேரம் தாராளமாக இருந்தது; அதற்கு ஒரு வரம்புதான் இருக்கவில்லை.

இதை விரிவாக எழுதி மாஸ்டருக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் நீல வான்கடிதத் தாளில், அதே அடிமட்டக் கோட்டு எழுத்தில் வந்தது. “சூரியனைப் பார்த்துக்கொண்டிராதீர். அது உம்முடைய நாட்டிலே உத்தியோகம் பார்க்கிற சூரியன் அன்று. உலை இறக்குகிற நேரம் எதுவோ அதுவே விளக்கு வைக்கிற நேரம். பசித்த பிள்ளை எங்கிருந்தாலும் வீட்டுக்கு வரும். முழுப் பதிகமும் வேண்டாம், ஒரு பாட்டுப் போதும். ஆனால் அது எந்த நாளும் நடக்க வேண்டும்.”

அவ்வளவுதான். நலம் விசாரிப்புக்கூட இல்லை. ஆனால் இந்த ஓர் ஏற்பாடுதான் எங்கள் வீட்டில் நிலைத்தது. இராச் சாப்பாட்டுக்குக் கோப்பை எடுக்கும் முன் விளக்கு, திருநீறு, ஒரு தேவாரம். வீட்டில் எத்தனை விருந்தாளிகள் இருந்தாலும் அவர்களும் சேர்ந்து நிற்க வேண்டும். கோடையில் கடற்கரைப் பக்கம் வாடகை வீடு எடுத்துத் தங்கியபோதும் சிறிய பிள்ளையார் படமும் திருநீற்றுப் பொட்டலமும் உடன் வந்தன. அப்படி ஒரு வீட்டில் கற்பூரம் கொளுத்தியதும் புகை எச்சரிக்கை மணி அலறி, அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் செருப்பில்லாமல் ஓடிவந்துவிட்டார். அன்றிலிருந்து பயணத்தில் கற்பூரம் இல்லை, பாட்டு மட்டும். மூத்தவள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடினாள். நான் அதைத் தடுக்கவில்லை; மாஸ்டர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்.

கோவில்களுக்கும் இங்கே குறைவில்லை. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆவணியை ஒட்டித் தேரேறி மேற்கு ஈலிங் வீதியில் வருவதையும், பாரிஸ் மாணிக்க விநாயகர் தேரன்று லாச்சப்பல் தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறலாய்க் கிடப்பதையும் கண்டவர்கள், நாம் எதையும் விட்டுவிட்டு வரவில்லை என்றே சொல்வார்கள். நல்லூர்க் கொடியேற்றத்தையும் இங்கு அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து கைபேசியில் நேரலையாகப் பார்க்கலாம். ஆனால் பல கோவில்களில் தேர் ஞாயிற்றுக்கிழமையில் விழும்படி கொடியேற்றத்தைப் பின்னோக்கிக் கணக்குப் பார்க்கிறோம். திதியைக் கிழமைக்கு வளைப்பது வேறு வழியில்லாததால் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1995 ஐப்பசியின் இறுதியில், போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது மாஸ்டரும் நடந்தார். கொடிகாமத்துப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழ், இடம்பெயர்ந்த பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையை நிறுத்தாமல் நடத்தினார் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவராயிருந்து இப்போது எங்கள் சங்கத்தில் இருக்கும் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கிழமைகளில் நான் இங்கே வீட்டுக்கடனுக்கு வங்கிப் பத்திரங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாட்டைவிட்டுப் போனது சரியா பிழையா என்ற வழக்கை நான் இப்போது எடுக்கவில்லை. ஐயாவும் அம்மாவும்தான் ‘போ’ என்றார்கள். அம்மா பிறகு எங்களுடன் வந்திருந்து, பேரப்பிள்ளைகளுக்குக் கோளறு பதிகமும் சொல்லிக் கொடுத்துத்தான் கண்மூடினார். ஆனால் ஊரில் ஒரு குடும்பம் மறந்தாலும் கோவில் மணியும் அயல்வீட்டுப் பாட்டும் நினைவூட்டிவிடும். இங்கே நாங்கள் மறந்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. என் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது உலை இறக்கும் நேரமே இல்லை. ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிறார்கள். அதற்கு மாஸ்டரிடம் கேட்டு எழுத இனி இடமில்லை.

கடைசியாக, சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கோடைகால ஒன்றுகூடல் வழமைபோல் இம்முறையும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலேயே, அதுவும் இங்குள்ள அம்மன் தேர் நாளிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இறைச்சி சுடும் அடுப்புக்கு அப்பால் சைவ உணவுக்குத் தனி மேசை உண்டு என்று அழைப்பிதழில் கண்டேன்; அக்கறைக்கு நன்றி. திகதியை மாற்றும்படி கேட்டபோது, மைதானம் முற்பணம் கட்டிப் பதிவு செய்யப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. விளங்குகிறது. ஆகவே அறுபது வயதுக்கு மேற்பட்டோர் அணிக்கு இவ்வருடம் வேறொரு விக்கெட் காப்பாளரைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுக்குரிய மைதானத்தைப் பதிவு செய்யும் முன் யாராவது ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால், காலுக்குப் பாட் கட்ட நான் ஆயத்தம்.