குதிகால்

மார்ச் 3
படி ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தினேன். 7 முறை. எட்டாவதில் கெண்டைக்கால் நடுங்கிவிட்டது. வலது காலில் 25 சாதாரணமாக வருகிறது.

மார்ச் 4
7.

மார்ச் 9
போன வருடம் இதே வாரம் ஒரு ஸ்குவாஷ் போட்டியில் அரையிறுதி வரை போய் வாங்கிய தரவரிசைப் புள்ளிகள் இன்று கழிந்துவிட்டன. ஒரு புள்ளிக்கு 12 மாதம்தான் ஆயுள். ஆடாதவளுக்குப் புதிதாக எதுவும் சேராது, கழிந்துகொண்டே இருக்கும். அம்மா பட்டியலைப் பார்க்க வேண்டாம் என்கிறாள். பார்த்துவிட்டேன். முதல் ஐம்பதில் நான் இல்லை.

மார்ச் 14
தூக்கம் வரவில்லை. அடிபட்ட அந்த நாளே திரும்பத் திரும்ப வருகிறது. முன் இடது மூலையில், சுவரையொட்டி மெல்ல விழுந்த ஒரு டிராப்பை எடுத்துவிட்டு, கோர்ட் நடுவிலுள்ள டி-க்குத் திரும்பக் காலை உந்தினேன். பின்னாலிருந்து யாரோ ராக்கெட்டால் குதிகாலில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். கோபமாகத் திரும்பி, அந்தப் புள்ளியை மறுபடி ஆட 'லெட் ப்ளீஸ்' என்றுகூடக் கேட்டுவிட்டேன். எதிரே ஆடியவள் எட்டடி தள்ளி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, யாரும் அடிக்கவில்லை, போனது என் குதிகால்தான் என்று.

மார்ச் 15
9!

ஏப்ரல் 2
மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் நினைப்பாகவே இருக்கிறது. 8 உலகப் பட்டம், விடாமல் 108 மாதம் முதலிடம். ஒலிம்பிக்குக்காக அவர் எவ்வளவு பேசினார்! 2019இல் ஓய்வு பெற்றார். 2028 ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க முடிவானது 2023 அக்டோபரில். அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை, எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2028இல் எனக்கு 33. பெண்களில் 16 பேருக்குத்தான் இடம். இந்தக் கணக்கை எத்தனை இரவு போட்டுவிட்டேன்!

ஏப்ரல் 3
போடமாட்டேன், இனி.

ஏப்ரல் 20
பிசியோ சைக்கிளில் உட்கார வைத்தார். 'அவசரப்படாதீங்க' என்றார். ஒரு கையில் பந்தை வைத்துக்கொண்டே மிதித்தேன். இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து ஆறிக் கிடந்தால் துள்ளாது, தரையில் தொப்பென்று விழும். உள்ளங்கையில் இருபது நிமிடம் பொத்தி வைத்தும் பெரிதாகச் சூடேறவில்லை. சுவரில் அடித்தால்தான் அதற்கு உயிர் வரும். ரப்பர் வாசனை மட்டும் கையில் நின்றது. அழுதேன்.

மே 11
15. கோச் பந்தில்லாமல் நான்கு மூலைக்கும் இரண்டு பக்கத்துக்கும் நடக்கச் சொன்னார். ஓடக்கூடாது. இடது முன்மூலைக்குப் போகும்போது மட்டும் கால் தானாகவே தயங்குகிறது. முன்சுவரின் அடியில் பந்து படக் கூடாத பட்டையான டின்னை 2015இல் பெண்களுக்கும் 19 அங்குலத்திலிருந்து 17க்கு இறக்கிய பிறகு முன்சுவரோடுதான் ஆட்டமே. டிராப்புக்கு எட்டிப் பாய முடியாதவள் அங்கே நிற்க முடியாது. எனக்குப் பிடித்த மூலையும் அதுதான்.

ஜூன் 8
நின்ற இடத்திலிருந்து சுவரோரமாக நேர் டிரைவ். 40 அடித்தேன். பந்து சூடாயிற்று! அந்தச் சத்தம், வேறு எதுவும் வேண்டாம்.

ஜூன் 9
வீக்கம்.

ஜூன் 10
வீக்கம். ஐஸ். யாரிடமும் பேசவில்லை.

ஜூலை 1
22. கோச்சிடமிருந்து செய்தி: சின்னப் போட்டிதான், பெயர் கொடுக்கட்டுமா? நாளை மாலை 5 மணிக்குள் சொல்லணும். அந்த மூலைக்கு இன்னும் ஒருமுறைகூட ஓடிப் பார்க்கவில்லை. காலையில் கோர்ட்டுக்குத் தனியாகப் போகிறேன்.