புட்டுமாவில் கைப்பு

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம். தக்கலையில் எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கிய மக்காச்சோளப் புட்டுமாவை அவித்து, மட்டிப்பழம் பிசைந்து மகளுக்கு ஊட்டினேன். மூன்று வயதுப் பிள்ளை. இரண்டாம் வாயிலேயே துப்பிவிட்டாள். நானும் கொஞ்சம் வாயில் போட்டேன். அடிநாக்கில் கைப்பு, நனைந்த சாக்கின் வாடை. மாவில் பூஞ்சை ஒரு புள்ளிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வெயில்ல காயப்போட்டு வறுத்தா சரியாவும் மக்கா" என்றார் மாமி. அவர் காலத்துப் பழக்கம் அது. நான் தாவரவியல் படித்தவள். ஈரம் பட்ட சோளத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை வளர்ந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். பூஞ்சை செத்து, அரைபட்டுப் போனாலும் நஞ்சு மாவில் நிற்கும். அவித்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கல்லூரியில் ஒரு பத்தியாகப் படித்தது, அன்றைக்கு அடுப்படியில் நின்று நினைத்தபோது கை நடுங்கியது.

பாக்கெட்டின் முன்பக்கம், தொகுதி (பேட்ச்) எண், 14 இலக்க உரிம எண், கடை ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண்ணுக்கு அனுப்பினேன். மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கூப்பிட்டார். அவர் முதலில் கேட்டது: "சீல் பிரிக்காத பாக்கெட் இருக்காம்மா?"

அங்கேதான் நான் தடுமாறினேன். பிரித்த பாக்கெட்டைக் கொண்டு வழக்கு நிற்காது. உங்கள் வீட்டில் ஈரம் பட்டிருக்கலாம் என்று கம்பெனி சொல்லிவிடும். நல்லவேளை, கடையில் அதே தொகுதி இன்னும் இருந்தது. அலுவலர் நேரில் வந்து மாதிரி எடுத்து, நான்கு பங்காக்கி முத்திரை வைத்து, ஒரு பங்கைப் பாளையங்கோட்டை ஆய்வகத்துக்கு அனுப்பினார். இன்னொரு வழியும் உண்டென்று அவரே சொன்னார்: வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி நாமே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அது.

அறிக்கைக்கு 14 நாள். டாக்டர், "ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நாள்பட உள்ள போறதுதான் ஈரலைக் கெடுக்கும்" என்றார். இருந்தும் தினமும் காலையில் பிள்ளையின் கண் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடை அண்ணாச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினைந்தாம் நாள் போன் வந்தது. தானியப் பொருளில் அஃப்ளாடாக்சினுக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் வரம்பு, அதைத் தாண்டியிருந்தது. அந்தத் தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போனது. ஒரு வேன் வந்து கடைகளில் இருந்ததை அள்ளிப்போனது. அண்ணாச்சி தானாகவே ஒரு அட்டையில் தொகுதி எண்ணை எழுதி வாசலில் தொங்கவிட்டார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் விற்றுப்போனவை? ரசீதில் வாங்கியவர் பேரே கிடையாது. அன்று சாயங்காலம் நானும் மாமியும் குடையோடு வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் சேச்சி, "எங்களுக்கு வேண்டாம், பசுவுக்குப் போட்டுருகேன்" என்றார்கள். அதுவும் கூடாது; பசு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பாலை எங்கள் தெருவில் ஆறு வீட்டில் வாங்குகிறார்கள். சொன்னதும் தவிட்டு வாளியில் கலந்து வைத்திருந்ததை அப்படியே ஓரமாகத் தூக்கி வைத்தார்கள்.

கடைசி வீட்டில் மாவை டின்னில் கொட்டி வைத்திருந்தார்கள். பாக்கெட்டைக் குப்பையில் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. எந்தத் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. மாமி டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரே அந்த வீட்டுக்காரியிடம் சொன்னார்: "கொட்டிரு மக்கா. வறுத்தாலும் போவாது."