கம்மலும் ஒரு புகைப்படமும்

அந்தப் புகைப்படத்தை எடுக்கச் சொன்னது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் தூய்மைப் பணியாளரான அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

குப்பையோடு போய்விட்ட தங்கக் கம்மலை, மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உரக்கூடத்தில் தரம் பிரிக்கும்போது கண்டெடுத்து அவர் ஒப்படைத்திருந்தார். வீட்டுக்கார அம்மா பொன்னாடையுடன் வந்தார். செய்தியாளர் ஒருவரும் வந்திருந்தார். கம்மலை உள்ளங்கையில் வைத்துக் காட்டும்படி நான் சொன்னதும், "நான் திருடலைங்கிறதுக்கு ஒரு போட்டோவா சார்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஈரக் கையுறையை உருவியபடியே, பேட்டரி வண்டி வந்துவிட்டதா என்று மேஸ்திரியிடம் விசாரிக்கும் குரலில்தான் கேட்டார். "உங்களைப் பெருமைப்படுத்தத்தானேக்கா" என்றேன். "பேங்க்ல காசு எண்றவங்க கணக்கைச் சரியாக் குடுத்தா போட்டோ எடுக்குறாங்களா?" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டி நின்றார்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. தெருவில் எது காணாமல் போனாலும், காலையில் குப்பை வாங்க வந்தது யார் என்பதே முதல் விசாரணையாக இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கொஞ்சமாவது அசைக்க நாளிதழில் நான்கு வரி வந்தால் நல்லதுதானே? ஆனால், 'நேர்மையான தூய்மைப் பணியாளர்' என்று வியந்து தலைப்பிடும்போது, மற்றவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை எனப் பிரித்துத் தருவது வீட்டுக்காரர்களின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. "எப்படியும் எல்லாம் அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குத்தானே போகுது" என்று மதுரையில் பலர் ஒரே பையில் கட்டித் தருகிறார்கள். ஊசிப்போன சாம்பாருக்கும் உடைந்த டியூப்லைட்டுக்கும் நடுவே அந்த அக்கா கைவிட்டுத் துழாவியதால்தான் கம்மல் கிடைத்தது. பொன்னாடையோடு வந்தவரிடம் பையைப் பற்றிக் கேட்பது முறையாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

செய்தி வெளியான பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பேப்பர்ல வந்தாங்கள்ல, அந்தம்மாவையே எங்க தெருவுக்கும் போட்டு விடுங்க சார். அவங்கன்னா நம்பிக் கதவைத் திறந்து வைக்கலாம்" என்றார். அவர் தெருவுக்கு நெடுங்காலமாக வருபவரும் எங்கள் ஆள்தான் என்பதைச் சொல்ல வாயெடுத்து, பணி ஒதுக்கீடு மேஸ்திரியின் பொறுப்பு என்று மட்டும் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன்.