65 கிலோவுக்கு அப்புறம்: வராத ஒரு புல்அப்

பதினோரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு புல்அப் (கம்பியில் தொங்கிக்கொண்டு உடம்பைக் கையால் மேலே இழுப்பது) கூட வரவில்லை. இன்று காலை ஆறு தடவை முயன்றேன். ஆறிலும் உடம்பு இரண்டு விரற்கடை மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் நிற்கிறது என்பது இந்த வாரம்தான் பிடிபட்டது, அதனால் மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

எடை குறைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடங்கியபோது 84.6. பதினாறு மாதம் கழித்து, மே கடைசியில் 64.8. 65க்குக் கீழே வந்ததும் அலுவலகத்தில் அல்வா வாங்கிக் கொடுத்தேன், நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். என் உயரம் 158 செ.மீ. இந்தியர்களுக்குச் சொல்கிற பிஎம்ஐ (உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு) 23 என்று வைத்தால் 57 கிலோவுக்கு வர வேண்டும். "இன்னும் ஏழு கிலோதானே, விடாதீங்க" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கேஸ் சிலிண்டர் வந்த அன்றைக்கு வரை. உள்ளே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ வரும். 84 கிலோவில் இருந்தபோது அதை வாசலிலிருந்து அடுக்களைக்கு நானே தூக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு படி ஏற்ற முடியவில்லை. கொழுப்போடு சேர்ந்து தசையும் போயிருக்கிறது. நடை, சாப்பாட்டைக் குறைப்பது, இந்த இரண்டை மட்டும் வைத்து எடையை இறக்கினால் அப்படித்தான் ஆகும். அன்றைக்கே தராசை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். மாதம் ஒரு தடவை இறங்கினால் போதும். என் எடையை என் கையாலேயே தூக்க வேண்டும், ஒரே ஒரு தடவை. இதுதான் புது இலக்கு.

நாகர்கோவிலில் முன்பு மூன்று மாதம் போன ஒரு ஜிம்மில், பெண்கள் நேரத்தில் கம்பிப் பக்கமே விடமாட்டார்கள். டிரெட்மில், சைக்கிள், அவ்வளவுதான். இன்னும் வருத்தம் இருக்கிறது. அதனால் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் இரண்டு தூணுக்கு நடுவே நானே கம்பி போட முடிவு செய்தேன்.

இந்தக் குழாய் விஷயத்தில் மூன்று வாரம் போனது. மேஸ்திரி கையில் மிச்சமிருந்த ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மாட்டிக் கொடுத்தார். ஒன்றேகால் இஞ்ச் என்றால் சின்னதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். குழாய்க்குச் சொல்கிற அளவு வெளி அளவு இல்லை. ஒன்றேகால் இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 42 மி.மீ.க்கு மேல். என் விரல் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடவே இல்லை. ஒன்பது நொடியில் வழுக்கி விழுந்தேன். எனக்குப் பலம் இல்லை என்றே இருபது நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் திங்கள்சந்தை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது மேலே இருந்த கம்பி கைக்குக் கச்சிதமாக அமைந்தது கவனத்துக்கு வந்தது. அடுத்த நாள் ஒரு நூலைக் கொண்டுபோய்ச் சுற்றிப் பார்த்தேன், எட்டரை செ.மீ. வீட்டுக் குழாயில் சுற்றினால் பதின்மூன்றுக்கு மேல். எல்லாம் புரிந்துவிட்டது.

முக்கால் இஞ்ச் குழாய்தான் பஸ் கம்பி அளவுக்கு வரும். ஆனால் நாலடி இடைவெளியில் என் எடைக்கு வளையும் என்று தக்கலையில் கடைக்காரர் சொன்னார். ஒரு இஞ்ச், சி கிளாஸ், அதாவது கனமான ரகம் எடுத்தேன். சுற்றளவு பத்தரை செ.மீ. வாங்கும்போது சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்புதான் கனமானது. மாற்றிய அன்றே தொங்கல் 21 நொடிக்குப் போனது. இப்போது 48 நொடி. இதில் எனக்குப் பெருமைதான்.

கை வியர்வைக்கு முதலில் முகப்பவுடர் போட்டேன், இன்னும் வழுக்கியது. மக்னீசியம் கார்பனேட் கட்டி வாங்கிய பிறகு சரியாயிற்று. ஜூன், ஜூலை மழையில் குழாயே வியர்த்ததுபோல் இருக்கும். பழைய துண்டால் துடைத்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த தப்பு ரப்பர் பட்டை. கம்பியில் மாட்டி, பாதத்தை அதில் வைத்து ஏறுவது. பச்சைப் பட்டையோடு ஆறு புல்அப் வந்துவிட்டது, அடுத்த வாரம் எட்டு. சந்தோஷமாகப் பட்டையைக் கழற்றினால் பூஜ்யம்! பட்டை நன்றாக இழுபட்டிருக்கும் அடிமட்டத்தில்தான் அதிகம் தூக்கிவிடும், மேலே போகப் போக விட்டுவிடும். எனக்குப் பலவீனமே அந்த அடிமட்டம்தான். அதாவது எட்டு வாரம் பலவீனமான இடத்தைப் பட்டையே சுமந்திருக்கிறது, அங்கே நான் ஒன்றும் பயிற்சி செய்யவில்லை. (அந்தப் பட்டையும் வெயிலில் கிடந்து வெடித்துவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் இவ்வளவு இருந்தும் ஒரு நல்ல பட்டைக்குக் கூரியரைக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது.)

இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது என் மாமியார். வயது 71. நான் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "என்னத்துக்கு மக்ளே இப்படித் தொங்குத? கிணத்துல நாலு வாளி கோரினா போராதா?" என்றார். சரி என்று போனேன். மோட்டார் வந்த பிறகு எங்கள் கிணற்றில் கப்பி சும்மாதான் கிடந்தது. பதினாறு லிட்டர் வாளி. நான் முழங்கையை மடக்கி மடக்கி இழுத்தேன், பத்து வாளியில் கை செத்துவிட்டது. அத்தை கயிற்றை வாங்கிக் காட்டினார். கை மடங்குவதற்கு முன்னாலேயே தோள் காதிலிருந்து கீழே இறங்குகிறது, முதுகு இறுகுகிறது, அப்புறம்தான் முழங்கை விலாவை ஒட்டி வருகிறது. "கையால இழுக்காத, முதுகால இழு" என்றார். புல்அப்பின் முதல் இரண்டு விரற்கடை அதே அசைவுதான்! தலைக்கு மேலே கப்பி, கீழே இழுக்கும் கயிறு. ஜிம்மில் லாட் புல்டவுன் என்று ஒரு பெரிய இயந்திரம் வைத்திருப்பார்களே, அது எங்கள் வீட்டுப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

இப்போது தினமும் இருபது வாளி, தென்னைக்கும் வாழைக்கும். வாரம் மூன்று நாள் கம்பி: கை மடக்காமல் தோளை மட்டும் இறக்கும் அசைவு எட்டு, அப்புறம் மேலேயிருந்து மெல்ல இறங்குவது நாலு. அடியில் வரும்போது வேகமாக விழுந்துவிடாமல் அங்கேதான் நேரம் எடுக்கிறேன். மூன்று நொடியில் தொடங்கியது 14 நொடி ஆகியிருக்கிறது. உதவி வேண்டுமானால் ஒரு கால் ஸ்டூலில், எவ்வளவு ஊன்றுகிறேன் என்பது என் கையில் இருக்கிறது.

சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டியிருக்கிறேன், நாளுக்கு 80, 90 கிராம். மரச்சீனியும் மீனும் என்றால் முன்பு கிழங்குதான் தட்டை நிறைக்கும். இப்போது மீன் பாதி. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல் பக்கம் விசைப்படகுத் தடை, அயலை விலை கேட்கவே முடியவில்லை. வள்ளத்தில் வரும் சாளையும் முட்டையும் சிறுபயறும் வைத்து ஓட்டினேன். இந்த மாதம் மீன்கார அக்கா கூடை நிறையக் கொண்டுவருகிறார்.

புல்அப் வருமுன்னே அடுத்ததையும் யோசித்துவிட்டேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியிலிருந்து மேலே போகும் படிகளை, 115 அடி உயரம், இரண்டு தடவை நிற்காமல் ஏறிவிட்டேன். அடுத்து மருந்துவாழ்மலை. ஐப்பசி மழை பிடிக்குமுன், செப்டம்பரிலேயே, உச்சி வரை உட்காராமல். மைனியும் (அண்ணி) வருகிறேன் என்றிருக்கிறார். பையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு, தண்ணீர் மூன்று லிட்டர்.

அதற்கு முன்னால் குழாயின் இரண்டு முனைக்கும் மூடி வாங்க வேண்டும். உள்ளே குளவி கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை தக்கலை.