லண்டனின் அந்த ஐந்து நாட்கள்

1952 டிசம்பர் 5, லண்டன். குளிர் தாங்காமல் வீட்டுக்கு வீடு நிலக்கரி மூட்டினார்கள். காற்று அசையவே இல்லை. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்க, புகை ஐந்து நாள் கீழேயே கிடந்தது. ஸேட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஓபராவைப் பாதியில் நிறுத்தினார்கள், உள்ளேயும் புகையாம்! லண்டனுக்குத்தான் பனிமூட்டம் பழக்கமாச்சே, முதலில் யாரும் பதறவில்லை. சவப்பெட்டிக்கும் பூவுக்கும் தட்டுப்பாடு வந்தபோதுதான் உறைத்தது. சாவுக் கணக்கு முதலில் 4,000. பிற்கால ஆய்வில் 12,000 வரை.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, கரும்புகை மெல்லக் குறைந்தது. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் சில நாளில் மழையோடு இறங்கிவிடும். அதே அடுப்புகள் விட்ட கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. அதில் ஒரு பங்கு இன்னமும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது, வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு.